கோயம்புத்தூரிலிருந்து டல்லாஸ்: தூரம் ஒன்று, நேரம் மூன்று

2025 பிப்ரவரி 12, மாலை
(காங்கேயத்திலிருந்து வந்த கேள்வி)

மகளுக்கு ஜூன் முதல் வாரம் பிரசவம். டல்லாஸ் பக்கம் இருக்கிறாள். நானும் வீட்டுக்காரரும் மே மாதமே போய்ச் சேர்ந்துவிடலாம் என்றிருக்கிறோம். எங்களுக்கு விமானமே முதல் தடவை. நெட்டில் தேடினால் கோயம்புத்தூர் விமான நிலையத்துக்கும் டல்லாஸுக்கும் 15,100 கிலோமீட்டர், பயண நேரம் 19 மணி 15 நிமிடம் என்று வருகிறது. டிராவல்ஸில் 24 மணி என்கிறார்கள். மாப்பிள்ளை 35 மணி ஆகும் என்கிறார். எதுங்க சரி? 19 மணியில் போகிற விமானம் இருந்தால் காசு கூட ஆனாலும் பரவாயில்லை, அவருக்கு முட்டி வலி.

பிப்ரவரி 12, இரவு

மூன்று பேரும் மூன்று வேறு கேள்விக்குப் பதில் சொல்கிறார்கள், அக்கா. மூன்றுமே சரிதான்.

நெட்டில் வருவது வெறும் வகுத்தல் கணக்கு. 15,100 கிலோமீட்டரை மணிக்கு 805 கிலோமீட்டர், அதாவது 500 மைல் வேகத்தால் வகுத்தால் 18 மணி 45 நிமிடம். ஏற, இறங்க என்று அரை மணி சேர்த்தால் 19:15. கால்குலேட்டரில் நீங்களே போட்டுப் பார்க்கலாம். பீளமேட்டில், அதாவது கோயம்புத்தூர் விமான நிலையத்தில், ஏறி டல்லாஸில் இறங்குகிற விமானம் இருந்தால் என்ன ஆகும் என்பதற்கு அது பதில். அப்படி ஒரு விமானம் கிடையாது. எந்த இரண்டு ஊரைக் கேட்டாலும் அந்த நெட் பக்கம் இப்படித்தான் வகுத்துச் சொல்லும், நடுவில் விமானம் ஓடுகிறதா என்று பார்க்காது.

டிராவல்ஸ்காரர் சொல்வது முதல் விமானம் கிளம்புவதிலிருந்து கடைசி விமானம் நிற்கிற வரைக்கும். மாப்பிள்ளை சொல்வது உங்கள் வீட்டு வாசலிலிருந்து அவர்கள் வீட்டு வாசலுக்கு. முட்டி வலிக்காரருக்கு மாப்பிள்ளை கணக்குத்தான் கணக்கு.

பிப்ரவரி 13, காலை

நேற்று எழுதாமல் விட்ட ஒன்று. 15,100 கிலோமீட்டர் என்பது எவ்வளவு பெரிய தூரம் என்று தெரிந்தால் 19 மணி விமானம் ஏன் இல்லை என்பது விளங்கும். இன்றைக்கு உலகத்திலேயே நீளமான பயணிகள் விமானம் சிங்கப்பூர் – நியூயார்க். அது 15,300 கிலோமீட்டர் சொச்சம், 18 மணி நேரத்துக்கு மேல் ஆகும். அதற்கென்றே கூடுதல் எரிபொருள் பிடிக்கிற மாதிரி செய்த ஏர்பஸ் ஏ350 விமானம். உள்ளே 161 இருக்கைகள்தான், சாதா வகுப்பே கிடையாது. எரிபொருள் பாரம் அவ்வளவு. கோயம்புத்தூர் – டல்லாஸ் நேர் விமானம் வந்தால் அதற்கு அடுத்தபடியில் நிற்கும்.

நம் ஓடுதளம் 3 கிலோமீட்டரை ஒட்டி. ஊரே கடல் மட்டத்துக்கு 400 மீட்டர் மேலே. வெயில் காலத்தில் காற்று இலேசாகி, ஏற இன்னும் நீளம் கேட்கும். அத்தனை எரிபொருளோடு பெரிய விமானம் இங்கிருந்து எழும்புவது சாதாரண காரியம் இல்லை. ஓடுதளத்தை நீட்ட 600 ஏக்கருக்கு மேல் நிலம் எடுத்த கதை நம் எல்லோருக்கும் தெரியும், வருடக்கணக்கில் இழுத்தது. நீட்டி முடித்தாலும் முதலில் வருவது துபாய், தோஹா மாதிரி ஊர்களாகத்தான் இருக்கும். அதுவே வந்தால் போதும் என்பேன். ஏன் என்று கீழே சொல்கிறேன்.

பிப்ரவரி 13, மதியம்

திருப்பூர் அண்ணன் ஒருவர் "அமெரிக்காவுக்கு நேர் வழி என்றால் அரபு நாடு, ஐரோப்பா, அட்லாண்டிக்தான். வடதுருவம் பக்கம் போகிறது என்பதெல்லாம் கதை" என்று எழுதியிருக்கிறார். சுவரில் மாட்டுகிற தட்டை வரைபடத்தைப் பார்த்தால் அப்படித்தான் தெரியும். உருண்டையில் பாருங்கள்.

என் அக்கா மகனின் பள்ளிக்கூட உருண்டையை எடுத்துவைத்துக்கொண்டு, 40ஆம் நம்பர் பனியன் நூல் ஒரு முழம் எடுத்தேன். ஒரு முனையைக் கோயம்புத்தூரில் கட்டைவிரலால் அழுத்தி, மறுமுனையை டல்லாஸுக்குக் கொண்டுபோய் இழுத்தேன். ஐரோப்பா வழியாக வைத்தால் நூல் தொய்கிறது. இழுக்க இழுக்க அது தானாக வடக்கே நகர்ந்து போய் உட்கார்ந்தது. அது உட்கார்ந்த வழி: பஞ்சாப் எல்லை, மத்திய ஆசியா, கசக்ஸ்தான், ரஷ்யா, ஆர்க்டிக் கடல், கிரீன்லாந்தின் வடக்கு ஓரம், கனடாவின் ஹட்சன் விரிகுடா, மின்னசோட்டா, அப்புறம் நேர் தெற்கே இறங்கி டெக்சாஸ். கணக்குப் போட்டும் பார்த்தேன். துருவத்துக்கு 800 கிலோமீட்டர் பக்கத்தில் போகிறது.

காரணம் எளிது. கோயம்புத்தூர் கிழக்குத் தீர்க்கரேகை 77இல் இருக்கிறது. டல்லாஸ் மேற்கு 97இல். இரண்டையும் கூட்டினால் 174. 180 வந்திருந்தால் பூமியின் நேர் எதிர்ப் பக்கம், வழி துருவத்தின் மேலேயே போயிருக்கும். ஆறு பாகைதான் குறைவு. அதனால்தான் நமக்கு ராத்திரி என்றால் அவர்களுக்குப் பகல்.

இது ஏட்டுக் கணக்கு மட்டுமில்லை. 2021 ஜனவரியில் ஏர் இந்தியா சான் பிரான்சிஸ்கோவிலிருந்து பெங்களூருக்கு முதல் நேர் விமானத்தை வடதுருவத்தின் மேலேதான் ஓட்டியது. கேப்டன் ஜோயா அகர்வால் தலைமையில் விமானிகள் எல்லோரும் பெண்கள். அந்த இரண்டு ஊருக்கும் நேர் தூரம் 14,000 கிலோமீட்டரை ஒட்டி.

பிப்ரவரி 13, இரவு

அப்படியானால் பெங்களூர் போய் அந்த விமானத்தையே பிடிக்கலாமே என்று கேட்டிருக்கிறார்கள். கேட்க வேண்டிய கேள்விதான். ஆனால் காங்கேயத்திலிருந்து பார்க்க வேண்டும். பெருந்துறை, சேலம், கிருஷ்ணகிரி, ஓசூர் வரைக்கும் வண்டி பறக்கும். அப்புறம் பெங்களூரைத் தெற்கிலிருந்து வடக்காக முழுசாகத் தாண்டினால்தான் தேவனஹள்ளி விமான நிலையம். சில்க் போர்டு சந்திப்பில் மாட்டினால் அங்கேயே ஒரு மணி போகும். 17 மணிக்கு மேல் பறந்து சான் பிரான்சிஸ்கோவில் இறங்கி, குடியேற்ற வரிசையில் நின்று, பெட்டியை எடுத்து மறுபடி ஒப்படைத்து, இன்னொரு மூன்றரை மணி உள்நாட்டு விமானம். அமெரிக்காவில் முதலில் எங்கே இறங்குகிறீர்களோ அங்கேதான் குடியேற்றச் சோதனை, அங்கேதான் பெட்டியும் கைக்கு வரும். டல்லாஸிலேயே முதலில் இறங்குகிற வழி இருக்கும்போது இது எதற்கு?

பிப்ரவரி 15

வாசலிலிருந்து வாசலுக்கு ஒரு கணக்கு போடுகிறேன். கொச்சி – துபாய் – டல்லாஸ். துபாயிலிருந்து எமிரேட்ஸ் டல்லாஸுக்கு நேராகப் போகிறது. தோஹாவிலிருந்து கத்தார் ஏர்வேஸும் அப்படியே.

கொச்சியில் விடிகாலை 4:30க்கு விமானம் என்று வைத்துக்கொள்வோம். 1:30க்கு நெடும்பாசேரி விமான நிலையத்தில் இருக்க வேண்டும். காங்கேயம், பல்லடம், சூலூர், நீலாம்பூர் பைபாஸ், வாளையார், பாலக்காடு, குதிரான் சுரங்கம், திருச்சூர், அங்கமாலி. ஐந்து மணி வையுங்கள். அப்படியானால் முந்தின நாள் ராத்திரி எட்டரைக்கு வீட்டைப் பூட்டுகிறீர்கள். பறப்பதற்கு முன்னாலேயே எட்டு மணி நேரம் கழிந்தது. துபாய்க்கு 4 மணி, அங்கே காத்திருப்பது 4 மணி, டல்லாஸுக்கு 16 மணி. டிராவல்ஸ்காரர் சொன்ன 24 இதுதான். டல்லாஸில் குடியேற்றம், பெட்டி என்று 2 மணி, மகள் வீட்டுக்கு 1 மணி. மொத்தம் 35. மாப்பிள்ளை நிதானமான ஆள் போலிருக்கிறது, சரியாகச் சொல்லியிருக்கிறார்.

இதில் கவனியுங்கள். கொச்சி – துபாய் 2,780 கிலோமீட்டர், துபாய் – டல்லாஸ் 12,900 சொச்சம். கூட்டினால் 15,700. துருவ வழி நேர் தூரத்தைவிட 600 கிலோமீட்டர்தான் அதிகம். அந்த 600 கிலோமீட்டருக்கு முக்கால் மணிகூட ஆகாது. 19க்கும் 35க்கும் நடுவில் இருக்கிற நேரமெல்லாம் தரையில் போகிறது. நம் ஊரிலிருந்து விமானத்தைப் பிடிக்கப் போகிற தரை, மாறுகிற இடத்துத் தரை, இறங்கினபின் தரை. கிலோமீட்டரைப் பார்த்து டிக்கெட் எடுக்காதீர்கள் என்று நான் ஓயாமல் சொல்வது இதற்காகத்தான். பீளமேட்டுக்கே துபாய் விமானம் வந்தால் ராத்திரியில் ஐந்து மணி நேரம் கார் ஓட்டுவது மிச்சம். அதனால்தான் அது வந்தாலே போதும் என்றேன்.

பிப்ரவரி 16

பொள்ளாச்சி அண்ணன் கிழக்கே போகச் சொல்கிறார். கோயம்புத்தூரிலிருந்தே சிங்கப்பூருக்கு விமானம் இருக்கிறது, அங்கிருந்து சான் பிரான்சிஸ்கோ, அப்புறம் டல்லாஸ், வாளையார் தாண்டவே வேண்டாம் என்று. தூரத்தைக் கூட்டினேன்: 3,160, அப்புறம் 13,600, அப்புறம் 2,350. மொத்தம் 19,100 கிலோமீட்டர். நேர் வழியைவிட 4,000 அதிகம்.

ஆனாலும் அண்ணன் சொல்வதைத் தள்ளிவிட முடியாது. பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்காக ஒரு காற்று ஓடிக்கொண்டே இருக்கிறது. குளிர்காலத்தில் மணிக்கு 200 கிலோமீட்டரையும் தாண்டும். கிழக்கே போகிறவனுக்கு அது முதுகில் தள்ளும், மேற்கே போகிறவனுக்கு முகத்தில் அடிக்கும். ஏர் இந்தியா டெல்லி – சான் பிரான்சிஸ்கோ விமானத்தை முதலில் அட்லாண்டிக் வழியாக ஓட்டினார்கள், 13,900 கிலோமீட்டர். 2016 அக்டோபரில் பசிபிக் வழியாக மாற்றினார்கள், 15,300 கிலோமீட்டர். தூரம் 1,400 கிலோமீட்டர் கூடியது, நேரம் இரண்டு மணியளவு குறைந்தது. தூரம் கூடி நேரம் குறைந்ததற்கு இதைவிட நல்ல சாட்சி எனக்குத் தெரிந்து இல்லை.

டல்லாஸுக்கு மட்டும் அந்தச் சலுகை ஒத்துவராது. அமெரிக்காவின் மேற்குக் கரை ஊர்களுக்கு, சான் பிரான்சிஸ்கோ, சியாட்டல் போகிறவர்களுக்கு, சிங்கப்பூர் வழி அருமையான வழி. டெக்சாஸ்காரர்கள் மேற்கே போவதே மேல்.

பிப்ரவரி 16, சற்று நேரம் கழித்து

காற்றுக் கணக்கைக் கேட்டார்கள். விமானத்தின் சொந்த வேகம் 900 என்று வையுங்கள். துபாய் – டல்லாஸ் 12,900 கிலோமீட்டர். சராசரியாக 50 கிலோமீட்டர் எதிர்க்காற்று என்றால் 850 வேகம், 15 மணி 10 நிமிடம். அதே காற்று பின்னாலிருந்து தள்ளினால் 950, 13 மணி 35 நிமிடம். ஓடுதளத்தில் ஊர்வது, வரிசையில் நிற்பது எல்லாம் இதற்கு மேல். டிக்கெட்டில் போகும்போது 16, வரும்போது பதினாலரை என்று இருப்பது இதனால்தான். அச்சுப்பிழை இல்லை.

பிப்ரவரி 20

நடுவில் காத்திருக்கிற நேரத்தைப் பற்றி எழுதாமல் இருக்க முடியவில்லை. காங்கேயத்து அக்கா 2 மணி இடைவெளி உள்ள டிக்கெட் ஒன்றைக் கண்டுபிடித்து, 35 மணி 33 ஆகிறது என்று சந்தோஷமாக எழுதியிருக்கிறார்.

என் அம்மாவை டல்லாஸ் பக்கத்து பிளேனோவில் இருக்கிற தங்கை வீட்டுக்கு அழைத்துப்போனபோது நானும் இப்படித்தான் குறுகின இடைவெளியாகப் பார்த்து எடுத்திருந்தேன். நிறுவனத்தின் பெயர் வேண்டாம், ஊரும் வேண்டாம். முதல் விமானம் ஒரு மணிக்கு மேல் தாமதம். இறங்கினதும் சக்கர நாற்காலி தள்ளிக்கொண்டு வந்த பையன் ஒரு தூண் பக்கத்தில் நாற்காலியை நிறுத்தி, "இதோ வருகிறேன்" என்று போனவன்தான். வேறு ஆள் வந்து சேர்வதற்குள் அடுத்த விமானத்தின் கதவைச் சாத்திவிட்டார்கள். பெட்டி எங்கே என்று யாருக்கும் தெரியவில்லை. அடுத்த விமானம் மறுநாள். ஓட்டல் கேட்டால் அந்த மேசைக்குப் போங்கள், இந்த மேசைக்குப் போங்கள் என்று அலையவிட்டார்கள். கடைசியில் இரும்பு நாற்காலி வரிசையில் அம்மா கால் நீட்டக்கூட இடமில்லாமல் ராத்திரி முழுக்க உட்கார்ந்திருந்தார். கைப்பிடிகள் நடுவில் நடுவில் இருப்பதால் படுக்கவும் முடியாது. விடிந்தபோது கணுக்கால் இரண்டும் வீங்கி, செருப்பு ஏறவில்லை. சேலை முந்தானையால் காலை மூடிக்கொண்டு, "ஒண்ணுமில்ல கண்ணு" என்றார். அது இன்னும் என் மனதை விட்டுப் போகவில்லை.

அதனால் சொல்கிறேன் அக்கா: மூன்றரை மணிக்குக் குறையாமல், ஐந்துக்கு மேலே போகாமல். இரண்டு விமானமும் ஒரே டிக்கெட்டில் இருக்கட்டும். தவறவிட்டால் அடுத்ததில் ஏற்றிவிடுவது அப்போதுதான் அவர்கள் பொறுப்பு. சக்கர நாற்காலி இரண்டு பேருக்கும் டிக்கெட் எடுக்கும்போதே கேளுங்கள். உங்களுக்கு முட்டி வலி இல்லாவிட்டாலும் கேளுங்கள், இல்லையென்றால் அவர் ஒரு பக்கமும் நீங்கள் ஒரு பக்கமும் ஆகிவிடுவீர்கள்.

பிப்ரவரி 21

மறுபடி யோசித்துப் பார்த்தேன். ஐந்து மணிக்கு மேலே போகாமல் என்று எழுதினது முட்டி வலிக்காரருக்கு. நடக்க முடிகிறவர்கள், சின்னக் குழந்தைகளோடு போகிறவர்கள் எட்டு மணி இடைவெளி எடுத்து, விமான நிலையத்துக்குள்ளேயே அறை எடுத்துத் தூங்கி எழுந்து போகலாம். என் தங்கை அப்படித்தான் பிள்ளைகளோடு வருகிறாள். மொத்த நேரம் கூடுகிறது, வந்து இறங்கும்போது ஆள் தெளிவாக இருக்கிறாள்.

பிப்ரவரி 24

அபுதாபி பற்றி நாமக்கல்லிலிருந்து கேட்டிருக்கிறார்கள். 2024 ஆகஸ்டிலிருந்து பீளமேட்டிலிருந்து அபுதாபிக்கு இண்டிகோ விமானம் இருக்கிறது. ஷார்ஜாவுக்கு ஏர் அரேபியா பல வருடமாக இருக்கிறது. அபுதாபியில் ஒரு பெரிய வசதி உண்டு. அமெரிக்கக் குடியேற்ற அதிகாரிகள் அங்கேயே உட்கார்ந்திருக்கிறார்கள். சோதனை எல்லாம் அங்கே முடிந்து, அமெரிக்காவில் இறங்கும்போது உள்நாட்டுப் பயணி மாதிரி வெளியே நடக்கலாம். நியூயார்க், சிகாகோ போகிறவர்களுக்கு நல்லது. டல்லாஸுக்கு அங்கிருந்து நேர் விமானம் இல்லை.

மார்ச் 10

நேற்று அமெரிக்காவில் கடிகாரத்தை ஒரு மணி முன்னே தள்ளிவிட்டார்கள். நேற்று முன்தினம் வரை நமக்கும் டல்லாஸுக்கும் பதினொன்றரை மணி வித்தியாசம், இனி நவம்பர் வரை பத்தரை. நம் நாட்டிலும் துபாய், தோஹாவிலும் கடிகாரம் மாறாது. அதனால் அதே விமானம், அதே 24 மணி, ஆனால் டிக்கெட்டில் டல்லாஸ் இறங்குகிற நேரம் மட்டும் மாலை 5க்குப் பதில் 6 என்று இருக்கும். விமானம் ஒரு மணி தாமதமாகிவிட்டது என்று நினைக்காதீர்கள்.

இன்னொன்று. கொச்சியில் விடிகாலை 4:30, டல்லாஸில் அதே தேதி மாலை 6. பார்த்தால் பதின்மூன்றரை மணிப் பயணம் போலத் தெரியும். பத்தரையைக் கூட்டினால்தான் 24 வரும். திரும்பி வரும்போது ஒரு தேதியே நடுவில் காணாமல் போகும். விசேஷத்துக்கு வருகிறவர்கள் இதில் ஏமாந்து, சீர் முடிந்த மறுநாள் வந்து இறங்கியதை எங்கள் பக்கம் பார்த்திருக்கிறேன்.

ஏப்ரல் 25

நேற்றிலிருந்து பாகிஸ்தான் தன் வான்வழியை இந்திய விமான நிறுவனங்களுக்கு மூடிவிட்டது. 2019இலும் பிப்ரவரி கடைசியிலிருந்து ஜூலை நடுவரை மூடினார்கள். டெல்லியிலிருந்து அமெரிக்கா போகிற இந்திய விமானங்கள் தெற்கே அரபிக்கடல் பக்கம் சுற்ற வேண்டும். நேரம் கூடும், சிலவற்றுக்கு வழியில் இறங்கி எரிபொருள் நிரப்ப வேண்டியும் வரலாம். பூமியில் தூரம் அதேதான், போகிற வழி மாறுகிறது.

2022இல் ரஷ்யா தன் வானத்தை அமெரிக்க, ஐரோப்பிய நிறுவனங்களுக்கு மூடியதும் இதே மாதிரிதான். நூலை இழுத்தபோது பார்த்த வழியில் ரஷ்யாவும் இருந்தது, நினைவிருக்கட்டும். நெட்டில் வருகிற 15,100இல் இதெல்லாம் இருக்காது.

அக்கா மே 11க்குக் கொச்சி – துபாய் வழி டிக்கெட் எடுத்துவிட்டதாக எழுதியிருக்கிறார். அந்தப் பக்கம் இந்தத் தடையால் மாற்றம் இல்லை.

மே 4

பெட்டி. ஆளுக்கு 23 கிலோ இரண்டு. தூரம், நேரம் பற்றிய பேச்சில் இது எதற்கு என்று ஒருவர் கேட்டிருக்கிறார். பெட்டியைத் திறந்து நிறுத்திவைத்தால் போகிற நேரமும் பயண நேரம்தானே.

காங்கேயத்து ஆட்களுக்குச் சொல்லவே வேண்டும்: தேங்காய்ப் பருப்பு எடுத்துப்போகாதீர்கள். களத்தில் காயவைத்துக் குடோனில் குவித்தால் குவியலின் நடுவில் கை வைக்க முடியாமல் சூடேறுவதை நீங்களே பார்த்திருப்பீர்கள். அதே காரணத்துக்காகத்தான் கொப்பரை விமானத்தில் ஆபத்தான சரக்கு. தானாகச் சூடேறித் தீப்பிடிக்கிற பொருள்களின் வகையில் சேர்த்திருக்கிறார்கள்.

அதைவிட முக்கியம் கசகசா. துபாய், தோஹா இரண்டு இடத்திலும் கசகசா போதைப்பொருள் கணக்கில் வரும். மாறிப் போகிறவர்களுக்கும் சட்டம் அதேதான். குழம்புப் பொடியில் கலந்து அரைத்ததுகூட வேண்டாம். மகளுக்கென்று அரைக்கிற செலவுப் பொடியில் கசகசா சேர்த்திருந்தால் அந்தப் பொட்டலத்தை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள்.

அமெரிக்காவில் கறிவேப்பிலை விடமாட்டார்கள். எலுமிச்சை, ஆரஞ்சு மரங்களைக் கெடுக்கிற பூச்சி அதில் வரும் என்று தடை. பழம், கறி எதுவும் கூடாது. சுக்கு, மஞ்சள்தூள், பருப்புப்பொடி கொண்டுபோகலாம், கேட்டால் இருக்கிறது என்று சொல்லிவிடுங்கள். மறைத்தால்தான் வம்பு. மாத்திரைகள் மருத்துவர் சீட்டோடு கைப்பையில்.

மே 14

அக்காவும் அவரும் நல்லபடியாகப் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். மகள் எழுதியிருக்கிறார். சாலக்குடி பக்கம் பாலம் வேலை நடக்கிற இடத்தில் கார் ஒரு மணி நேரம் நின்றதாம், ஆறு மணிக்கே கிளம்பியதால் தப்பித்தார்களாம். துபாயில் நாற்காலிக்காரர் கழிப்பறை வரைக்கும் கூட்டிப்போய், காத்திருந்து, வாசலில் கொண்டுவந்து விட்டாராம். பேர் கேட்டுவைக்கவில்லையே என்று அக்கா வருத்தப்படுகிறாராம். மொத்தம் 37 மணி. அதில் இரண்டரை மணி இவர்களாக முன்னாலேயே கிளம்பியது. நல்ல வேலை செய்தீர்கள்.

ஓரத்து இருக்கையில் உட்கார்ந்து ஒன்றரை மணிக்கு ஒரு தடவை எழுந்து நடந்ததால் அவருக்கு முட்டி மட்டுமல்ல, காலும் வீங்கவில்லை என்று தனியாக எழுதியிருக்கிறார். படித்ததும் நிம்மதியாக இருந்தது.

ஜூன் 24

நேற்று ராத்திரி கத்தார் தன் வான்வெளியையே சில மணி நேரம் மூடியது. தோஹாவுக்குப் போய்க்கொண்டிருந்த விமானங்களை வேறு ஊர்களுக்குத் திருப்பிவிட்டார்கள். 13ஆம் தேதியிலிருந்தே ஈரான், ஈராக் மேலே பறக்க முடியாமல் எல்லோரும் சுற்றிக்கொண்டிருக்கிறார்கள். ஈரோட்டுத் தம்பி ஒருவர் தோஹா வழியாக இந்த வாரம் கிளம்ப வேண்டியவர், என்ன செய்வது என்று கேட்கிறார். டிக்கெட்டை நீங்களாக ரத்து செய்யாதீர்கள் தம்பி. அவர்கள் ரத்து செய்தால் மாற்றித் தருவது அல்லது பணத்தைத் திருப்புவது அவர்கள் கடமை, நீங்களாக ரத்து செய்தால் பிடித்தம் போகும். வீட்டை விட்டுக் கிளம்பும் முன் விமான எண்ணைப் போட்டுப் பாருங்கள். கொச்சி போய்ச் சேர்ந்தபின் தெரிந்தால் அங்கே உட்கார்ந்திருக்க வேண்டும்.

காங்கேயத்து அக்காவுக்குப் பேத்தி பிறந்திருக்கிறாள். தாயும் பிள்ளையும் நலம்.

அக்டோபர் 5

அக்கா திரும்புகிற டிக்கெட்டைக் காட்டி, போகும்போது 16 என்றது வரும்போது 14:40 என்கிறதே, வேறு சின்ன விமானமா என்று கேட்டிருந்தார். அதே விமானம்தான், பிப்ரவரி 16இல் எழுதின காற்றுதான். நவம்பர் 2இல் அங்கே கடிகாரம் ஒரு மணி பின்னால் போகும். உங்கள் விமானம் அதற்கு மறுநாள். அன்றைக்கு வீட்டுச் சுவர்க் கடிகாரத்தை நம்பிக் கிளம்பாதீர்கள், கைப்பேசி நேரத்தைப் பாருங்கள்.

அக்டோபர் 6

பல்லடத்திலிருந்து ஒருவர் மெல்பர்னுக்கு இதே கேள்வியைக் கேட்டிருக்கிறார். உங்களுக்கு வேலை எளிது. கோயம்புத்தூர் – மெல்பர்ன் நேர் தூரம் 8,900 கிலோமீட்டரை ஒட்டி. சிங்கப்பூர் வழியாகப் போனால் 3,160, அப்புறம் 6,030, மொத்தம் 9,200 பக்கம். சுற்று 300தான். ராத்திரி பீளமேட்டில் ஏறினால் சிங்கப்பூருக்கு நாலேகால் மணி, அங்கிருந்து மெல்பர்னுக்கு ஏழரை மணி. நேற்று அங்கே கோடைக் கடிகாரம் தொடங்கிவிட்டது, நம்மைவிட ஐந்தரை மணி முன்னே இருப்பார்கள். பல்லடத்திலிருந்து விமான நிலையம் ஒரு மணி நேரம். கொச்சியும் வேண்டாம், பெங்களூரும் வேண்டாம். இரண்டு விமானமும் ஒரே டிக்கெட்டில் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள், மலிவு விமானங்களில் தனித்தனியாக விற்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் சாப்பாட்டுப் பொருள் சோதனை அமெரிக்காவைவிடக் கடுமை. பெட்டி கட்டும் முன் எழுதுங்கள், என்னென்ன கொண்டுபோகிறீர்கள் என்று பார்த்துச் சொல்கிறேன்.